வலது தோளில் முந்தானை

எனக்கு ஓரிடத்தில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்காரப் பிடிக்காது. அப்படிப்பட்டவனுக்குக் கிடைத்ததோ, நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து கல்லின் மேல் புள்ளி வைக்கிற வேலை. எழுபதுகளின் தொடக்கத்தில் செங்கல்பட்டுக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு லித்தோ அச்சகம் இருந்தது. அங்கே படம் போடுகிறவன் நான். பீடிக்கட்டு லேபிள், ஊதுபத்தி உறை, மூக்குப்பொடி டப்பா, அப்பளக்கட்டு, சோடா பாட்டில். சுற்றுவட்டாரத்தில் யார் எதைக் கட்டி விற்றாலும் அதன் மேல் ஒட்டுகிற காகிதத்தில் ஒரு புலியோ, மயிலோ, பல் தெரியச் சிரிக்கிற பெண்ணோ இருக்கும். அதில் பாதிக்கு மேல் என் கை.

லித்தோ என்றால் என்னவென்று இன்று யாருக்கும் தெரியாது, அதனால் சொல்கிறேன். வழவழவென்று தேய்த்த கல்லின் மேல் எண்ணெய்ப்பசையுள்ள மசியால் புள்ளி புள்ளியாகப் படம் வரைய வேண்டும். பிறகு கல்லை நனைத்து மை உருட்டினால் படம் இருக்கிற இடத்தில் மட்டும் மை ஒட்டும், ஈரம் இருக்கிற இடத்தில் ஒட்டாது. அதன் மேல் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் ஏறிவிடும். மஞ்சளுக்கு ஒரு கல், சிவப்புக்கு ஒரு கல், நீலத்துக்கு ஒரு கல். கை வியர்வைகூடக் கல்லில் படக்கூடாது, பட்டால் அதுவும் சேர்ந்து அச்சாகும். எல்லாவற்றையும்விட முக்கியம், கல்லில் இருப்பது காகிதத்தில் இடம் வலமாகத் திரும்பி விழும். ஆகவே கல்லில் எல்லாவற்றையும் திருப்பித்தான் வரைய வேண்டும். கண்ணாடியில் பார்ப்பதைப் போல.

புதிதாக வருகிறவர்கள் மாதிரிப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடியை நிறுத்திக்கொண்டு அதைப் பார்த்து வரைவார்கள். நான் இரண்டு வருடத்தில் கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிட்டேன். கண் நேராகப் பார்க்கும், கை தானாகத் திருப்பிப் போடும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அச்சக முதலாளி, எல்லோரும் பாய் என்று கூப்பிடுவோம், வருகிற வியாபாரிகளிடம் என்னைக் காட்டி, "இந்தத் தம்பி கீறானே, கண்ணாடியே வேணாம் இவனுக்கு. மண்டைக்குள்ளயே கண்ணாடி கீது" என்பார். வியாபாரிகள் தலையாட்டுவார்கள். நான் தலை நிமிராமல் புலிக்கு மீசை வைப்பேன்.

ஆனால் அந்தப் புலி எனக்குச் சலித்துவிட்டது. வேலை முடிந்து பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தால் என் படங்கள்தான் தரையெல்லாம். பீடியை உருவிக்கொண்டு லேபிளைக் கசக்கிப் போடுகிறான். நான் நாலு நாள் கண் வலிக்கப் புள்ளி வைத்த பெண்ணின் மூக்கின் மேல் ஒருவன் வெற்றிலை எச்சிலைத் துப்புகிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பீடிக்காரனுக்கு பீடிதான் வேண்டும். எனக்கோ, நான் வரைந்த முகத்தை யாராவது ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும், கீழே என் கையெழுத்து இருக்க வேண்டும். சலூனில் முறைக்குக் காத்திருக்கும்போது வாரப்பத்திரிகைகளைப் புரட்டுவேன். கதைக்குப் படம் போடுகிறவர்களின் கையெழுத்து ஓரத்தில் சின்னதாகச் சாய்ந்திருக்கும். பொறாமையில் வயிறு எரியும். "இதைவிட நல்லா நான் போடுவேன்" என்று சத்தமாகவே சொல்லிவிடுவேன். சவரம் செய்துகொண்டிருந்த கடைக்காரர், "அப்போ போய்ப் போடேன் அண்ணாத்த, யார் புடிச்சிகினு கீறாங்க?" என்றார் ஒருநாள்.

யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லைதான். மறுநாளே லீவு சொல்லிவிட்டு, லேபிள்களையும் நாலைந்து முகப் படங்களையும் சுருட்டிக்கொண்டு சென்னைக்கு ரயிலேறினேன்.

மவுண்ட்ரோடு பக்கம் ஒரு வாரப்பத்திரிகை ஆபீஸ். படப் பகுதிக்குப் பொறுப்பாளர் ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத்தான் படம் பார்ப்பார். என் புலிகளை ஒதுக்கினார். முகங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கோடு நல்லா இருக்குய்யா. ஆனா லேபிள் வேற, கதை வேற. கதையில ஆள் அசையணும்" என்று சொல்லி, ஒரு கதையின் தட்டச்சுப் பிரதியைக் கையில் கொடுத்தார். சோதனைக்காக. சரியாக வந்தால் நிரந்தர வேலை, ஆனால் சென்னையில் வந்து தங்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் எனக்கு அத்தை மகள், அச்சரப்பாக்கத்துக்காரி. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் ஆயாவாக இருந்தாள். வருடக்கணக்காகத் தற்காலிகம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தில் வேலை பார்த்தவள். நான் மூச்சு வாங்கிய இடைவெளியில், "எனக்குங்கூட இன்னிக்கு ஆர்டர் வந்துச்சி மாமா. பர்மனென்ட் ஆக்கிட்டாங்க" என்றாள். ஜாங்கிரிப் பொட்டலம் ஒன்று மேடையில் இருந்தது. நான் சந்தோஷப்பட்டேன், ஒரு ஜாங்கிரியும் தின்றேன். தின்றுகொண்டே கதையைப் பிரித்தேன்.

கதை எளிமையானது. குடிகாரப் புருஷனை விட்டுத் தாய்வீட்டுக்கு வந்துவிட்ட ஒருத்தி. அவன் திருந்திவிட்டேன் என்று கூப்பிட வருகிறான். பஸ் நிற்குமிடத்தில் இருவரும் நிற்கிறார்கள். பஸ் வருகிறது. அவள், "நீ போ. நான் வரலை" என்கிறாள். அந்த இடத்துக்குத்தான் படம்.

இரண்டே நாளில் போட்டு எடுத்துப் போனேன். பொறுப்பாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பிறகு மூக்குக்கு இறக்கினார். பிறகு பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். இருவரும் சிரித்தார்கள்.

"யோவ், உங்க ஊர்ல பஸ்ஸுக்கு வாசல் இந்தப் பக்கமா? இறங்கினா நடுரோட்டுல லாரி அடிச்சிரும்யா. சட்டைப்பை வலது மார்புல. அவன் சிகரெட் புடிக்கிறது இடது கையில. பொம்பளைக்கு முந்தானை வலது தோள்ல. என்ன, ஐயர் வீட்டு மடிசாரா? குடிகாரன் பொண்டாட்டிய்யா அவ!"

படத்தைப் பார்த்தேன். அவர் சொன்னது எல்லாமே சரி. நான் படத்தைப் போட்டபோது ஒன்றுமே தெரியவில்லை. பதினோரு வருடமாகத் திருப்பித் திருப்பி வரைந்த கை, நேராக வரைய வேண்டிய காகிதத்திலும் திருப்பியே போட்டிருந்தது. "கல்லுல வரைஞ்சு பழகிடுச்சு சார்" என்றேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்" என்றார். ஆனால் நல்ல மனிதர். கதை இன்னும் இரண்டு வாரம் கழித்துத்தான் வரும், இன்னொரு தரம் முயற்சி செய், இதுதான் கடைசி என்று சொல்லி அனுப்பினார்.

ரயிலில் தாம்பரம் வரை நின்றுகொண்டே வந்தேன், உட்கார இடம் இருந்தும். என் கை மேலேயே எனக்குக் கோபம். அதுவரை அதுதான் எனக்குச் சோறு போட்டது, பெருமையும் கொடுத்தது. இப்போது அதுவே குறுக்கே நிற்கிறது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். எனக்குக் கல் பழக்கம்.

அடுத்து வந்த நாட்களில் என்னென்னவோ செய்து பார்த்தேன். ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் இது இடதா வலதா என்று யோசித்துப் போட்டேன். எல்லாம் சரியாக வந்தது, ஆனால் ஆட்கள் போட்டோ ஸ்டூடியோவில் நிற்கிறவர்களைப் போல விறைத்து நின்றார்கள். திருப்பி வரைந்துவிட்டு, ட்ரேசிங் தாளைப் புரட்டி வைத்து மேலே கோடு ஓட்டினேன். செத்த கோடு. இன்னொருவன் நடந்த அடிச்சுவட்டில் கால் வைத்து நடந்தால் எப்படி இருக்கும், அப்படி. கிழித்தேன். அச்சகத்திலோ நேராக வரையப் பழகிய கெட்ட நேரம், ஊதுபத்திக்கு வரைந்த மயிலின் கல்லில் கம்பெனிப் பேரை நேராகவே எழுதிவிட்டேன். அச்சில் பேர் இடம் வலமாகத் திரும்பி வந்தது. பாய் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, மண்டைக்குள்ள கண்ணாடி ஒடஞ்சி பூடுச்சா? பேஜாரு பண்ணாத" என்றார். கல்லைத் தேய்த்து மறுபடி முதலிலிருந்து. இங்கேயும் போயிற்று, அங்கேயும் போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு, அதாவது எங்கள் மாதா கோயிலுக்கு, போகாமல் மகாபலிபுரம் பஸ்ஸில் ஏறினேன். வீட்டில் இருந்தால் எதையாவது உடைத்துவிடுவேன் போலிருந்தது. மனைவிக்கு அன்று வார்டில் ஓய்வு. "நானும் வரேன்" என்று கிளம்பிவிட்டாள். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை நான் ஜன்னலுக்கு வெளியே முறைத்துக்கொண்டு வந்தேன். அவள் தூங்கினாள். பிரசவ வார்டுக்காரர்கள் எங்கே உட்கார்ந்தாலும் தூங்குவார்கள்.

கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே மணலில் உட்கார்ந்து தாளை எடுத்தேன். கண் முன்னால் இருப்பதை அப்படியே வரைவோம், யோசிக்கவே வேண்டாம் என்று நினைப்பு. கோயில், அதற்கு வலது பக்கம் கடல், கரையில் ஏற்றிப் போட்ட கட்டுமரம். வேகமாகப் போட்டேன். வெள்ளைக்காரி ஒருத்தி பின்னால் வந்து நின்று, "பியூட்டிபுல், பியூட்டிபுல்" என்றாள். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். என் தாளில் கடல் இடது பக்கம் இருந்தது. வங்காள விரிகுடாவையே இடம் மாற்றி வைத்திருக்கிறேன், அதை ஒருத்தி அழகு என்கிறாள்! தாளைக் கசக்கி எறிந்தேன். அந்த அம்மா பயந்து விலகிப் போனாள்.

என் மனைவி எழுந்து போய்க் கசங்கிய தாளை எடுத்து நீவிப் பார்த்தாள். ஓரத்தில் அவளையும் போட்டிருந்தேன், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த மாதிரி.

"நானு இந்தத் தோள்லயா போட்டுகினு கீறேன்?" என்றாள்.

"அதைத்தானே இத்தனை நாளா சொல்லிட்டிருக்கேன்!" என்று கத்தினேன்.

அவள் கொஞ்ச நேரம் படத்தையும் தன் தோளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "நீ எத்தப் பாத்தாலும் மாத்திதான போடுவ?"

"ஆமா."

"அப்போ நான் மாத்திக் கட்டிகினா?"

எனக்கு உடனே புரியவில்லை. அவள் எழுந்து சவுக்குத்தோப்புப் பக்கம் போனாள். திரும்பி வந்தபோது புடவையை முழுக்கத் திருப்பிக் கட்டியிருந்தாள். கொசுவம் அந்தப் பக்கம், முந்தானை வலது தோளில். பையை இடது கையில் மாற்றிப் பிடித்திருந்தாள். சங்குமாலை விற்கிற பெண்கள் இரண்டு பேர் பார்த்துவிட்டு, "இன்னாடி இவ, பைத்தியமா?" என்று வாயைப் பொத்திச் சிரித்தார்கள். என் மனைவி அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. "போடு மாமா" என்றாள்.

பொறுப்பாளர் சொன்னதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. இடதா வலதா என்று யோசிக்கவில்லை. கண் பார்த்தது, கை திருப்பியது, தாளில் ஒரு பெண் இடது தோளில் முந்தானையோடு ஒழுங்காக நின்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். வருடக்கணக்கில் அப்படி நாங்கள் சேர்ந்து சிரித்ததாக ஞாபகம் இல்லை.

"சிரிக்காத. இது சிரிக்கிற கதை இல்லை" என்றேன். "புருஷன் கூப்பிடறான். அவ, நீ போ, நான் வரலைங்கறா. அதைச் சொல்லு. சொன்னாத்தான் முகம் வரும்."

அவள் தயங்கினாள். காற்று முந்தானையைப் பிடுங்கியது, அதை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "நீ போ மாமா. நான் வர்ல" என்றாள், கடலைப் பார்த்துக்கொண்டு.

"என்னைப் பார்த்துச் சொல்லு."

என்னைப் பார்த்தாள். "நீ போ. நான் வர்ல."

அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. கோபமில்லை, அழுகையில்லை. புருவம் இரண்டும் லேசாக நெருங்கின, வாய் சொல்லி முடித்ததும் மூடிக்கொண்டது. அந்த மூடலில்தான் எல்லாம் இருந்தது. எனக்குக் கை பறந்தது. "அய்யோ, பிரமாதம்! இன்னொரு தபா சொல்லு" என்றேன். சொன்னாள். ஒரு தாள் முடிந்து இன்னொரு தாள் எடுத்தேன். "இன்னொரு தபா." சொன்னாள். ஒவ்வொரு தடவையும் குரல் இறங்கிக்கொண்டே போனது, கடைசியில் அலைச்சத்தத்தில் கேட்கவேயில்லை, உதடுதான் அசைந்தது. அதுதான் எனக்கு வேண்டியதும். அந்தத் தாளைத்தான் எடுத்துக்கொண்டேன்.

புருஷனை முதுகு காட்டி நிற்க வைத்துவிட்டேன், சட்டைப்பைத் தொல்லை இல்லை. பஸ்ஸை மட்டும் ட்ரேசிங் வைத்துப் புரட்டிப் போட்டேன். பஸ்ஸுக்கு உயிர் வேண்டியதில்லை.

பொறுப்பாளர் இந்தத் தரம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியவர் இறக்கவேயில்லை. வெகுநேரம் பார்த்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிடவும் இல்லை.

"யாரய்யா இது?"

"என் வீட்டுக்காரி சார். நின்னா, போட்டேன்."

படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்தப் பொம்பளை இவன்கூட ஒரு நாளும் போகமாட்டா. நல்லாத் தெரியுது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார்.

"ஐயோ, அதெல்லாம் இல்லை சார். நடிச்சா."

"ம்" என்றார். திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரச் சொன்னார். பக்கத்திலேயே அறை பார்த்துக்கொள், படம் போடுகிறவன் கூப்பிட்ட தூரத்தில் இருக்க வேண்டும் என்றார். படத்தின் ஓரத்தில் கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவையும் அவரே நீட்டினார். என் கையெழுத்தை நேராகப் போட எனக்கு மூன்று வினாடி யோசிக்க வேண்டியிருந்தது.

எழும்பூரிலிருந்து திரும்பிய ரயிலை என் கடைசி ரயில் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அதே தடத்தில் இனிப் பல வருடம், காலையும் மாலையும், சீசன் டிக்கெட்டோடு போய்வரப்போகிறேன் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். ஜன்னல் ஓரத்தில் நின்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். எழும்பூர்ப் பக்கம் ஒரு அறை, தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருக்க வேண்டும். பாயிடம் நாளைக்கே சொல்லிவிட வேண்டும். அவளுக்கு என்ன, ஆஸ்பத்திரி சென்னையில் இல்லையா.

வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் வார்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவை, முந்தானை அதற்குரிய தோளில்.

"இன்னா சொன்னாங்கோ?"

"எடுத்துக்கிட்டாங்க! திங்கக்கிழமைலேருந்து வேலை. அறை பார்க்கச் சொல்லிட்டாங்க. நீ நாளைக்கே ஆஸ்பத்திரில, வேலையை விட்டுடறேன்னு எழுதிக் கொடுத்துடு."

அவள் தலையை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு நிற்கவில்லை. "நல்லாப் போட்டிருந்த மாமா. எனக்குத் தெரியும், எடுத்துக்குவாங்கன்னு. நீ போ" என்றாள்.

"நீயும்தான்."

"நான் வர்ல."

அதே புருவம். அதே மாதிரி வாய் மூடியது. பிரதியும் அசலும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதானே என் தொழில். ஒரு புள்ளி மாறவில்லை. எதையும் கோபமாக மாற்றுவதுதான் என் வழக்கம். "இத்தனை பெரிய விஷயத்தை முன்னாடியே சொல்றதுக்கென்ன? வாய்விட்டுச் சொல்லியிருந்தா நான் என்ன அடிச்சா போட்டிருப்பேன்?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

அவள் சீப்பை மாடத்தில் வைத்தாள். என்னைப் பார்த்துத் திரும்பினாள்.

"சொன்னனே மாமா. அன்னிக்கு பீச்சுல எத்தினி தபா சொன்னேன்! நீதான் நல்லா கீது, நல்லா கீதுன்னு இன்னொரு தபா கேட்டுகினே இருந்த."

வார்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, சோறு எங்கே மூடி வைத்திருக்கிறது என்று கையைக் காட்டிவிட்டுப் போனாள்.